ஆலையைப் பூட்டலாமா? – தொழிற்பக்கம்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் நான்கு ஒரே பொருளைப் பற்றியவை: சேர்ந்து தொழில் தொடங்கியவர்களுக்கிடையே பிணக்கு வரும்போது தொழிலை எப்படிக் காப்பாற்றுவது என்பது. முதற்கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டது. மற்றவர்கள் பொறுத்தருள வேண்டும்; அவர்களுக்குரிய பதிலின் பெரும்பகுதியும் அதற்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி: ஐயா, நானும் என்னோடு பாடசாலையில் ஒன்றாகப் படித்த நண்பரும் 2013 ஆம் ஆண்டு ஓர் அரிசி ஆலையைத் தொடங்கினோம். காணி அவருடைய தாயாருடையது. கட்டடத்துக்கும் இயந்திரங்களுக்குமான பணம் சுவிஸில் இருக்கும் என் அண்ணா அனுப்பியது. வியாபாரப் பெயர் இருவர் பெயரிலும் பதிவாகியுள்ளது. வேறு உடன்படிக்கை எதுவும் எழுத்தில் இல்லை. வங்கி நடைமுறைக் கணக்கில் இருவரில் எவர் கையொப்பமிட்டாலும் காசோலை செல்லும். கடந்த ஒரு வருடமாக எங்களுக்கிடையே ஒத்துவரவில்லை. அவர் கணக்குக் கொப்பிகளை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். என்னைக் கேளாமல் இரண்டு தடவை பெருந்தொகை எடுத்துள்ளார். விசுவமடு, தருமபுரம் பக்கத்துக் கமக்காரரிடம் "இனி நெல்லை என் கணக்குக்கே தாருங்கள்" என்று சொல்லித் திரிகிறார். வங்கி தரும் மேலதிகப் பற்றுக்கு, அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கும் கடனுக்கு, என் வீட்டு உறுதி ஈடாக இருக்கிறது. காலபோக அறுவடைக்கு ஆறு கிழமைதான் உண்டு. ஆலையின் திறப்பு என்னிடம் இருக்கிறது. அறுவடைக்கு முன் பூட்டிவிட்டு வழக்குப் போடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பரந்தன்

பதில்: பூட்ட வேண்டாம்.

திறப்பு கையில் இருப்பது பலம் போலத் தோன்றும். நீங்கள் பூட்டிய மறுநாள் காலை அவர் பொலிஸ் நிலையத்துக்குப் போவார். அமைதிக் குலைவு ஏற்படக்கூடிய தகராறு என்று பொலிசார் கருதினால், 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றுக்கு அறிக்கையிடுவார்கள். அந்த வழக்கில் யாருடைய பணம் எவ்வளவு, யார் யாரை ஏமாற்றினார் என்பவை ஆராயப்படுவதில்லை. அறிக்கை தாக்கலான நாளில் இடம் யாருடைய உடைமையில் இருந்தது என்பதும், அதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் எவராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்பதுமே பார்க்கப்படும். காணியோ அவருடைய தாயாருடையது. இந்த நிலையில் அவரை வெளியே தள்ளியவர் நீங்கள் என்று பதிவாகிவிட்டால், உங்கள் பக்கம் இருக்கும் நியாயமெல்லாம் பின்வரிசைக்குப் போய்விடும்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் இரண்டு பங்காளிகளின் கணக்கைப் பார்த்துத் தரும்படி என்னை ஓர் ஆலைக்கு அழைத்திருந்தார்கள். மாசி மாதத்தின் நடுவில், வெட்டு மெசின் கொட்டிய ஈரநெல் காயப்போடாமலே மூட்டையாக அடுக்கப்பட்டிருந்த நிலையில், ஒருவர் ஆலையைப் பூட்டிவிட்டார். மூன்று கிழமை கழித்துத் திறந்தபோது நானும் நின்றேன். சாக்கின் இழைகளுக்கிடையால் வெள்ளை முளைகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு மூட்டையை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டேன். அடுப்பால் இறக்கிய பானையின் வெக்கை அடித்தது. அந்த நெல்லுக்குரிய பணத்தைக் கமக்காரர் இன்னும் பெற்றிருக்கவில்லை. துண்டுச் சீட்டுகளோடு வாசலில் நின்றார்கள். அன்றைக்குப் பங்காளிகள் இருவருமே, யாருடைய பிழை என்ற பேச்சை விட்டுவிட்டு, ஒருவர் பின்னால் ஒருவர் மறைந்து நின்றார்கள். அடுத்த போகத்தில் அந்த ஆலைக்கு ஒரு லொறி நெல்லும் போகவில்லை.

உங்கள் முன்னால் இருப்பவை இரண்டு வேறு வினாக்கள். யார் பக்கம் நியாயம் என்பது முதலாவது. அதற்கு விடை கிடைக்க வருடங்கள் செல்லலாம். இன்னும் ஆறு கிழமையில் இந்த ஆலை நெல் வாங்குமா என்பது இரண்டாவது. இரண்டையும் ஒன்றாக்கித் தீர்க்க முனைபவர்களே ஆலையையும் இழந்து வழக்கையும் இழக்கிறார்கள். ஆகவே இரண்டாவதை முதலில் எடுங்கள்.

அதற்கு உங்கள் சட்ட நிலை என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். பங்குடைமைக்கென, அதாவது கம்பனியாகப் பதியாமல் சேர்ந்து நடத்தும் தொழிலுக்கென, இலங்கையில் தனியான முழுமையான சட்டக்கோவை இல்லை. 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் குடியியல் சட்டக் கட்டளைச்சட்டம் பங்குடைமை விடயத்தில் ஆங்கிலச் சட்டத்தையே பின்பற்றச் சொல்வதால், இங்கிலாந்தின் 1890 ஆம் ஆண்டுப் பங்குடைமைச் சட்டத்தின் விதிகள் பரந்தனில் நிற்கும் உங்கள் ஆலைக்கும் வந்து சேர்கின்றன. வேறுவிதமாக உடன்படாத பங்காளிகளுக்கு அச்சட்டம் சொல்வது இது: இலாபமும் நட்டமும் சமபங்கு, வேலை செய்ததற்காக எவருக்கும் சம்பளம் இல்லை, கணக்குக் கொப்பிகள் தொழில் நடக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும், எந்தப் பங்காளியும் அவற்றைப் பார்வையிட்டுப் பிரதி எடுக்கலாம், வெளிப்படையான உடன்பாடு இல்லாமல் ஒருவரை மற்றவர் விலக்க முடியாது, பங்குடைமையின் பெயரையும் தொடர்புகளையும் பயன்படுத்தித் தனியே பெற்ற இலாபத்துக்கு அவர் கணக்குக் காட்ட வேண்டும். கொப்பிகளை வீட்டுக்குக் கொண்டுபோனதும், கமக்காரரைத் தன் பக்கம் இழுப்பதும் இவற்றுக்கு நேர்மாறானவை.

ஆனால் இதையெல்லாம் நீதிமன்றில் நிறுவ நீங்கள் முதலில் ஒரு வாசலைக் கடக்க வேண்டியுள்ளது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின் 18 ஆம் பிரிவு, மூலதனம் ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட பங்குடைமையை நிறுவும் உடன்படிக்கை எழுத்தில் இருந்து, கையொப்பமும் இடப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. ஆயிரம் ரூபாவுக்கு இன்று ஒரு மூட்டை நெல்லும் வராது. எனினும் அந்தத் தொகை அப்படியே நிற்கிறது. வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ் ஒன்றே அந்த எழுத்துக்கு ஈடாகிவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அதையும், அதற்காக இருவரும் கையொப்பமிட்டுக் கொடுத்த விண்ணப்பப் பிரதியையும் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். இந்தப் பிரிவின் கூர்மை வேறோரிடத்தில் உள்ளது. வெளியாள் ஒருவர் உங்கள் இருவரையும் பங்காளிகள் என்று காட்டி வழக்கு வைப்பதை அது தடுக்கவில்லை. வங்கி வைக்கலாம், நெல் தந்தவர் வைக்கலாம், சாக்கு விற்றவர் வைக்கலாம். நீங்கள் உங்கள் நண்பர்மேல் வைப்பதுதான் கடினம். கடனுக்கு நீங்கள் பங்காளி, உரிமைக்குப் பங்காளியோ என்பது ஐயம். வழக்குப் போடத் துடிக்கும் பலர் இதை அறியாமலே துடிக்கிறார்கள்.

இதற்குப் பரிகாரம் உண்டு. அதுவே அறுவடைக்கும் பரிகாரமாக அமைவதால்தான் நான் அதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்: இருவரும் கையொப்பமிடும் ஓர் இடைக்கால உடன்படிக்கை. சித்திரை முடியும் வரைக்குமாவது எழுதுங்கள். அதன் முதல் வாக்கியமே "2013 முதல் இவ்வாலையைப் பங்குடைமையாக நடத்திவரும் நாம் இருவரும்" என்று தொடங்கட்டும். இதுவரை இல்லாதிருந்த எழுத்து அந்த ஒரு வரியில் வந்துவிடுகிறது. இறுதி வாக்கியம், இதில் கையொப்பமிடுவதால் எவரும் தம் உரிமை எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, பழைய பிணக்குகள் பின்னர் பேசப்படும் என்று இருக்கட்டும். அது இல்லாவிட்டால் அவர் கையொப்பமிட மாட்டார், நீங்களும் இடக்கூடாது. இடையில் வருவன எல்லாம் ஆலையின் அன்றாடம்: குறித்த தொகைக்கு மேற்பட்ட காசோலைகளுக்கு இருவரின் கையொப்பமும் வேண்டும், வீட்டுச் செலவுக்கு இருவரும் மாதம் ஒரே அளவு தொகையே எடுக்கலாம், புதுக்கடன் வாங்குவதில்லை, இயந்திரம் எதையும் விற்பதோ ஈடு வைப்பதோ இல்லை, நெல் ஆலையின் பெயருக்கே வாங்கப்படும், கமக்காரரிடம் பிணக்கைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. கடைசியாகச் சொன்னது சட்டத்தில் இல்லாத ஒன்று. ஆனாலும் அதை எழுதுங்கள். விசுவமடுச் சந்தியில் ஒரு தேநீர்க்கடையில் சொன்ன சொல் பின்னேரத்துக்குள் புதுக்குடியிருப்பைத் தாண்டிவிடும்.

கணக்குக் கொப்பிகள் ஆலைக்குத் திரும்ப வேண்டும் என்பதும் அதில் சேர வேண்டும். அவர் தர மறுத்தால் அதைப் பெரிய சண்டையாக்காமல், இன்றிலிருந்து ஒரு புதுச் சீஆர் கொப்பியைத் தராசுக்குப் பக்கத்தில் வையுங்கள். நெல் இறங்கும் ஒவ்வொரு முறையும் திகதி, கமக்காரர் பெயர், மூட்டை, நிறை, ஈரத்துக்குக் கழித்தது, கொடுத்தது, மிச்சம் ஆகியவற்றை எழுதி, நிறுத்தவரும் தந்தவரும் கையொப்பமிடட்டும். மாலையில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, உங்கள் இருவரும் தராசுப் பையனும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். திகதியோடு போன படத்தைப் பின்னர் எவரும் மாற்ற முடியாது. அதேபோல் இப்போதே ஒருநாள் ஒதுக்கி இருப்பைக் கணக்கெடுங்கள்: நெல், அரிசி, தவிடு, சாக்கு, இயந்திரங்களின் தொடர் இலக்கங்கள், மின்சாரக் கணக்கு யார் பெயரில் என்பது வரை. அவரையும் அழையுங்கள். வராவிட்டால், அழைத்த செய்தியைக் காப்பாற்றி வைத்துக்கொண்டு, கிராம மட்டத்தில் இருவரும் மதிக்கும் ஒருவர் முன்னிலையில் எடுங்கள்.

வங்கி விடயத்தில் அவசரமும் நிதானமும் ஒன்றாக வேண்டும். கணக்கை நிறுத்தும்படி கடிதம் கொடுத்தால், பிணக்கு இருப்பதை அறிந்த வங்கி பெரும்பாலும் இருவரும் சேர்ந்து அறிவுறுத்தும் வரை கணக்கை அசையவிடாது. அறுவடையின் நடுவில் அது கதவைப் பூட்டுவதற்குச் சமம். ஆகவே "நிறுத்துங்கள்" என்று எழுதாமல், இன்றிலிருந்து காசோலைகளுக்கு இருவரின் கையொப்பத்தையும் கோருமாறு எழுதிக் கொடுத்து, பிரதியில் பெற்றுக்கொண்டமைக்கான முத்திரையை வாங்குங்கள். இணைய வங்கிச் சேவைக்குரிய இரகசிய இலக்கம் யாருடைய கைப்பேசிக்கு வருகிறது என்பதையும் அன்றே பாருங்கள். காசோலையைக் காவல்காத்துக்கொண்டு கைப்பேசியை மறந்தவர்களைக் கண்டிருக்கிறேன். பங்குடைமையின் கடனுக்கு இருவரும் பொறுப்பு. உங்கள் வீட்டு உறுதி வங்கியில் இருக்கும்வரை அவர் எழுதும் ஒவ்வொரு காசோலையும் உங்கள் கூரையில் எழுதப்படுகிறது. ஆதலால் மேலதிகப் பற்றின் உச்சவரம்பைத் தற்போதுள்ள அளவுக்கு மேல் உயர்த்த வேண்டாம் என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

இனிக் காணி. இதை நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். உண்மையில் உங்கள் பெரிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. அந்தக் காணி சொந்த உறுதி உள்ள உறுதிக் காணியா, அரசின் அனுமதியில் இருக்கும் அனுமதிப்பத்திரக் காணியா? வன்னியில் குடியேற்றத் திட்டக் காணிகள் பலவும் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்திலோ அளிப்பிலோ இருப்பவை. அனுமதிப்பத்திரக் காணியைக் குத்தகைக்கும் ஈட்டுக்கும் கைமாற்றத்துக்கும் கொடுக்கும் உரிமை மிகவும் கட்டுப்படுத்தப்பட்டது. பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் எழுதிய தாள் வெறும் தாள்தான். உறுதிக் காணியாக இருந்தாலும், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். உங்கள் அண்ணாவின் பணம் சுவராகவும் கூரையாகவும் மாறி அந்தத் தாயாரின் நிலத்தில் நிற்கிறது. நிலத்தோடு கட்டப்பட்டது நிலத்தோடேயே போகும் என்பது பொதுவிதி. கழற்றி எடுக்கக்கூடிய இயந்திரங்களின் வாங்கிய பற்றுச்சீட்டுகளையாவது இன்றே தேடி ஒரு கோப்பில் போடுங்கள். அந்த அம்மாவைப் போய்ப் பாருங்கள். பிணக்கு மகனோடு, அவரோடல்ல. பத்து வருடத்துக்கு மேலாக அவர் கையால் சாப்பிட்டிருப்பீர்கள். மகன் கேட்காததை அவர் சொன்னால் கேட்கக்கூடும்.

அண்ணாவின் பணமும் தெளிவுபட வேண்டும். அது உங்களுக்குத் தந்து நீங்கள் மூலதனமாக இட்டதா, ஆலைக்குத் தந்த கடனா, அண்ணாவே ஒரு பங்காளியா? மூன்றுக்கும் விளைவு வேறு. உடன்பட்ட மூலதனத்துக்கு மேலாகப் பங்காளி ஒருவர் கொடுத்த முற்பணத்துக்கு 1890 ஆம் ஆண்டுச் சட்டம் வருடத்துக்கு 5 சதவீத வட்டி தருகிறது. வெறும் மூலதனத்துக்கு வட்டி இல்லை. வங்கி வழியாக வந்த தொகைக்குப் பதிவு உண்டு. வங்கிக்கு வெளியே உண்டியலில் வந்ததற்கு என்ன உண்டு? 2013 இல் எவ்வளவு எவ்வழியால் வந்தது என்று அண்ணா எழுதி அனுப்பட்டும். அதை உங்கள் நண்பருக்கும் காட்டி, மறுக்கிறாரா ஏற்கிறாரா என்று எழுத்தில் கேளுங்கள். இன்றைய கோபத்திலும் பலர் தொகையை மறுப்பதில்லை. அது யாருடையது என்பதையே மறுப்பார்கள்.

அறுவடை முடிந்து கணக்குத் தீர்ந்த பிறகு பிரிவதென்றால் பிரியுங்கள். அதற்கு முன், கோபத்தில் சட்டத்தரணிக் கடிதம் அனுப்புவதில் ஒரு பொறி உள்ளது: காலவரையறை இல்லாத பங்குடைமையை எந்தப் பங்காளியும் அறிவித்தல் கொடுத்துக் கலைக்கலாம். "இன்றோடு நமக்குள் ஒன்றும் இல்லை" என்ற கடிதமே கலைப்பாகிவிடக்கூடும். அதன்பின் இருவருக்கும் உள்ள அதிகாரம் தொடங்கியதை ஒதுக்கி முடிக்கும் அளவுக்கே, புதிதாக நெல் வாங்கும் அளவுக்கு அல்ல. ஆகவே கலைப்பு என்ற சொல்லை அளந்து பாவியுங்கள்.

பிரியும்போது ஒருவர் விலை சொல்ல, அந்த விலைக்கு வாங்குவதா விற்பதா என்று மற்றவர் தெரிவுசெய்யும் முறையைப் பலர் சொல்வார்கள். பலகாரத்தை ஒருவர் பிரிக்க மற்றவர் எடுப்பது போல நேர்மையானதுதான், இருவருக்கும் வாங்கும் வசதி ஒரே அளவாக இருந்தால். உங்களுக்குச் சுவிஸில் அண்ணா இருக்கிறார். உங்கள் நண்பருக்குத் தாயாரின் காணி இருக்கிறது. அந்த ஏற்றத்தாழ்வில் இந்த முறை அவரைக் குறைந்த விலைக்கு விற்க வைக்கும், அல்லது உங்களை நிலமில்லாத ஆலையை வாங்க வைக்கும். இருவர் பக்கமும் சாராத ஒரு கணக்காளரை அமர்த்தி மதிப்பிடுவித்து, தவணைமுறையில் கொடுத்துத் தீர்ப்பதே உங்கள் நிலைக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். விலகியவரின் பங்கை மற்றவர் கொடுக்காமல் தொழிலை நடத்திக்கொண்டே போனால், அந்தப் பங்கால் விளைந்த இலாபத்தையோ அல்லது வருடம் 5 சதவீத வட்டியையோ விலகியவர் தெரிவுசெய்து கேட்கலாம் என்பதையும் இருவரும் அறிந்திருப்பது நல்லது. இழுத்தடிப்பவருக்கு அது கசக்கும். விலகுபவர் நீங்களானால், வியாபாரப் பெயர்ப் பதிவில் மாற்றத்தைத் தாமதமின்றி அறிவித்து, வங்கியிலிருந்து வீட்டு உறுதியை மீட்டு, இதுவரை கொடுக்கல் வாங்கல் வைத்த ஒவ்வொருவருக்கும் எழுத்தில் தெரிவிக்கும்வரை பணம் கிடைத்துவிட்டதென்று நிம்மதியாக இருக்க வேண்டாம். உங்களை இன்னும் பங்காளி என்று நம்பிக் கடன் கொடுப்பவர் உங்கள் வாசலுக்கே வருவார்.

கேள்வி: நாங்கள் மூவர் சேர்ந்து 2019 இல் கணினிச் சேவைக் கம்பனி ஒன்றைப் பதிவுசெய்தோம். மற்ற இருவருக்கும் தலா 40 சதவீதமும் எனக்கு 20 சதவீதமும் பங்கு உண்டு. இப்போது அவர்கள் இருவரும் சேர்ந்து என்னைப் பணிப்பாளர் பதவியிலிருந்து நீக்கப்போவதாக அறிகிறேன். கம்பனியின் இணையத்தளப் பெயர், வாடிக்கையாளர் விபரம், முகநூல் பக்கம் எல்லாம் என் சொந்த மின்னஞ்சலிலேயே இருக்கின்றன. அவர்கள் இறங்கிவரும் வரை கடவுச்சொற்களைக் கொடுக்காமல் வைத்திருக்கலாமா?
– வாசகர், வவுனியா

பதில்: கொடுத்துவிடுங்கள், கொடுத்ததற்குக் கையொப்பம் வாங்குங்கள்.

நீங்கள் மூவரும் பங்குடைமை அல்ல, கம்பனி. பரந்தன் வாசகருக்குச் சொன்ன சமபங்கு விதி உங்களுக்கு இல்லை. கம்பனி உங்கள் மூவரிலும் வேறான ஓர் ஆள். இணையத்தளப் பெயரும் வாடிக்கையாளர் பட்டியலும் அந்த ஆளின் சொத்து. நீங்கள் இன்னும் பணிப்பாளராக இருக்கிறீர்கள்; 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் பணிப்பாளர் நல்லெண்ணத்தோடு கம்பனியின் நலனுக்காக நடக்க வேண்டும் என்கிறது. வாடிக்கையாளரின் தளம் ஒருநாள் நின்று போனால், அதுவரை அநீதிக்குள்ளானவராக இருந்த நீங்கள் அன்றே அநீதி செய்தவராகி விடுவீர்கள். கொடுக்கும் முன் உங்களுக்குச் சட்டப்படி உரித்தானவற்றின் பிரதிகளை வைத்துக்கொள்ளுங்கள்: பங்குச் சான்றிதழ், கூட்ட அறிவித்தல்கள், வருடக் கணக்குகள், உங்களுக்கு வந்த சம்பள விபரம்.

பங்குதாரர் கூட்டத்தில் சாதாரணத் தீர்மானத்தால், அதாவது பாதிக்கு மேற்பட்ட வாக்குகளால், பணிப்பாளரை நீக்கலாம். 80 சதவீதம் அவர்களிடம் இருப்பதால் அதை நீங்கள் தடுக்க முடியாது. ஆனால் பதவிதான் போகும், பங்கு போகாது. 20 சதவீதம் சிறியதல்ல. வாக்குரிமையில் 5 சதவீதமும் ஆறு மாதப் பங்குரிமையும் உள்ளவர், கம்பனியின் அலுவல்கள் தம்மை ஒடுக்கும் வகையில் நடத்தப்படுவதாக 224 ஆம் பிரிவின்கீழும், சீர்கேடாக நடத்தப்படுவதாக 225 ஆம் பிரிவின்கீழும் நீதிமன்றை நாடலாம். இவ்வகை விண்ணப்பங்கள் கொழும்பிலுள்ள வர்த்தக மேல் நீதிமன்றத்தில் தாக்கலாகின்றன. வவுனியாவிலிருந்து இரவு பஸ் ஏறி, காலையில் புறக்கோட்டையில் முகம் கழுவி, வழக்குத் தவணை கேட்டுத் திரும்பும் செலவையும் களைப்பையும் உங்கள் பங்கின் பெறுமதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் பங்கை நியாயமான விலைக்கு அவர்கள் வாங்க வேண்டும் என்ற கோரிக்கையை இப்போதே எழுத்தில் வைப்பதற்கு இந்தச் செலவு அவர்களுக்கும் உண்டு என்பதே போதிய காரணம்.

பணிப்பாளர் மாற்றம் கம்பனிப் பதிவாளருக்குப் படிவம் 20 இல் அறிவிக்கப்படும். நீங்கள் விலகியதாக உங்களுக்குத் தெரியாமல் படிவம் போய்விட்டதா என்று இணையப் பதிவேட்டில் அவ்வப்போது பாருங்கள். சம்பளம் பெற்றவரானால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் கம்பனியிலிருந்து 12 சதவீதமும் உரிய காலத்தில் கட்டப்பட்டனவா என்பதையும் பாருங்கள். பிணக்கு நேரத்தில் முதலில் நின்றுபோவது இதுதான். உங்களுக்கு மட்டுமல்ல, அங்கே வேலை செய்யும் பிள்ளைகளுக்கும்.

கேள்வி: நண்பரும் நானும் காசு போட்டு ஒரு படகும் இயந்திரமும் வாங்கிக் கருவாட்டு வியாபாரம் செய்தோம். படகு அவர் பெயரில். இப்போது என் பங்கைத் தர மறுக்கிறார். பொலிசில் முறையிடலாமா?
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: பங்குப் பணத்தை அறவிட்டுத் தருவது பொலிசாரின் வேலையல்ல. உங்கள் பிரதேசத்துக்கான மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பியுங்கள். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த சபை அது; செலவில்லை, சட்டத்தரணிகள் அங்கே தோன்றுவதில்லை. குறித்த தொகைக்கு உட்பட்ட பணப்பிணக்குகளுக்கு, சபை தரும் இணக்கமின்மைச் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கையே ஏற்காது. ஆகவே எப்படியும் அந்த வாசலால்தான் போக வேண்டும். போகும்போது இயந்திரம் வாங்கிய பற்றுச்சீட்டையும், படகு வாங்கிய நாளில் நின்றவர்களில் இருவரையும் கூட்டிச் செல்லுங்கள். சபையில் பேச்சு முடியும் வரை படகை அவிழ்த்துக்கொண்டு போகும் யோசனை இருந்தால் அதை விடுங்கள். கடலில் நடக்கும் சண்டைக்கு மத்தியஸ்தம் கிடையாது.

கேள்வி: நானும் பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்து கச்சான் அல்வாவும் எள்ளுருண்டையும் செய்து கடைகளுக்குப் போடத் தொடங்குகிறோம். வியாபாரப் பெயர் பதியப்போகிறோம். உடன்படிக்கை எழுதுவோமா என்று கேட்டால் "என்னில் நம்பிக்கையில்லையோ" என்று அக்கா குறைப்படுவா. எழுதாமலே தொடங்கலாமா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: எழுதுங்கள். அக்காவிடம் கேட்கும் முறையை மட்டும் மாற்றுங்கள். "நீங்கள் விலகினால்" என்று தொடங்காமல் "எனக்கு ஏதும் நடந்தால் என் பிள்ளைக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்" என்று தொடங்கினால், அவ தானாகவே தன் பிள்ளையைப் பற்றியும் கேட்பா. அதற்குப் பிறகு எழுதுவது எளிது. நீண்ட பத்திரம் வேண்டாம். யார் எவ்வளவு போட்டது, அடுப்பும் தாச்சியும் யாருடையவை, மாதம் எவ்வளவு எடுப்பது, கடைக்குக் கடன் கொடுப்பதை யார் முடிவு செய்வது, ஒருவர் விலகினால் மற்றவர் எத்தனை மாதத்துக்குள் எந்தக் கணக்கில் கொடுப்பது, பெயர் யாருக்கு என்பவற்றைச் சாதாரணத் தமிழில் ஒன்றரைப் பக்கத்தில் எழுதலாம். பெயர் யாருக்கு என்பதை மறக்க வேண்டாம். உருண்டையை எவரும் உருட்டலாம், கடைக்காரர் கேட்பது பெயரைத்தான்.

ஒரு பின்னேரம் பாணி காய்ச்சி முடிந்த பிறகு இருவரும் இருந்து எழுதி, இரண்டு பிரதி எடுத்து, இரண்டிலும் இருவரும் சாட்சிகளோடு கையொப்பமிட்டு, பெயர் பதியப் பிரதேச செயலகத்துக்குப் போகும் நாளில் ஒரு பிரதியை உங்களோடு கொண்டுபோங்கள். பதிவு விண்ணப்பத்தில் எழுதும் விபரமும் அதிலுள்ள விபரமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கையொப்பமிடும் முன் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.